வலிக்காமலே உடைந்த என் இடது கால்

சர்க்கரை நோய் இருக்கிற ஒருவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, அந்தக் கால் மற்ற காலைவிடச் சூடாக இருந்து, வலி மட்டும் பெரிதாக இல்லையென்றால், அன்றைக்கே நடப்பதை நிறுத்திவிட்டுக் கால் நோய் தெரிந்த டாக்டரிடம் போக வேண்டும், அது சார்கோ பாதம் என்கிற, எலும்பு நொறுங்குகிற நோயாக இருக்கலாம். இந்த ஒரு வரியை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குப் பக்கத்தில் பணமும், ஏறக்குறைய ஒரு வருஷமும் மிஞ்சியிருக்கும். இடது பாதத்தின் வளைவும் மிஞ்சியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு 52 வயது. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளர். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நானும் மாமியாரும்தான். சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகிறது. மாத்திரையை விட்டதில்லை. ஆனாலும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) எட்டரைக்குக் கீழே இறங்கினதும் இல்லை. கால் மரத்துப்போக ஆரம்பித்து நாலைந்து வருஷம் இருக்கும். தரையில் நடந்தாலும் மெத்தை மேல் நடக்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், ஒரு காலில் செருப்பே இல்லை. எங்கே கழன்றதென்று தெரியவில்லை. தெருவில் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரிடம் சொன்னேன். "சுகர் இருந்தா அப்படித்தாம்மா இருக்கும்" என்று ஒரு வைட்டமின் மாத்திரை கூடுதலாக எழுதிக் கொடுத்தார். காலைக் காட்டச் சொல்லவில்லை. வருஷக்கணக்காக அவரைப் பார்க்கிறேன், என் கால் மேஜைக்கு அடியில் செருப்போடுதான் இருந்திருக்கிறது.

இந்தச் சமயத்தில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு முகாம் போட்டார்கள். உடம்புச் சூட்டைப் படமாகக் காட்டுகிற தெர்மல் கேமரா வைத்து நரம்பும் ரத்த ஓட்டமும் இலவசமாகப் பார்க்கிறோம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சித்திரை வெயிலில் வரிசையில் நின்று, செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, கொதிக்கிற சிமெண்டுத் தரையில் நடந்து உள்ளே போனேன். உட்கார்ந்த உடனே படம் எடுத்துவிட்டார்கள். இரண்டு பாதமும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு தாளில் வந்தது. "பாருங்கம்மா, எவ்வளவு சூடு ஏறிக் கெடக்கு, நரம்பெல்லாம் வீக்காயிட்டு" என்று 4,800 ரூபாய்க்கு மூலிகைக் கேப்சூல் தலையில் கட்டினார்கள். வெயிலில் நின்று வந்த யாருடைய காலும் அப்படித்தான் தெரியும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கேமராவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதை வைத்திருந்த கையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைக்குப் பட்ட சூட்டில், தெர்மல் கேமரா என்றாலே ஏமாற்று வேலை என்று மனதில் பதிந்துபோனது. அந்த எண்ணம் எனக்குச் சில வாரங்களைத் தின்றது.

ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி டவுனுக்குப் போயிருந்தேன். நெல்லையப்பர் தேரோடு ரத வீதியில் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நடந்ததில் எங்கோ கால் புரண்டிருக்க வேண்டும். வலித்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டொரு நாள் கழித்து இடது காலில் செருப்பு வார் பதிந்து பள்ளமாகத் தெரிந்தது. புறங்கால் உப்பி, லேசாகச் சிவந்து இருந்தது. கணுக்கால் எலும்பு எங்கே என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண், "என்ன மயினி, கால் இப்படி வீங்கிக் கெடக்கு?" என்று கேட்ட பிறகுதான் வலது காலையும் நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தேன். நடக்க முடிந்தது. மூட்டை எண்ண முடிந்தது, கைரேகை மெஷின் முன்னால் நாள் முழுக்க நிற்க முடிந்தது. அப்படி முடிந்ததுதான் வினையாகப் போயிற்று. வலித்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

முதலில் போன இடத்தில் கிருமித் தொற்று என்றார்கள். ஊசி, ஆண்டிபயாடிக், தினமும் டிரிப்ஸ் என்று ஒன்பதாயிரம் ரூபாய் போயிற்று. வீக்கம் வடியவில்லை. அடுத்த டாக்டர் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கும் என்று, ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அது இரண்டாயிரத்துச் சொச்சம், ரத்தக்கட்டு எதுவும் இல்லை. பிறகு யூரிக் ஆசிட் என்றார்கள். ரத்தத்தில் அது கொஞ்சம் கூடித்தான் இருந்தது, அதற்கும் மாத்திரை சாப்பிட்டேன். எக்ஸ்ரேயில் "எலும்பு நல்லா இருக்கு, பயப்படாம நடங்க, நடந்தாத்தான் வீக்கம் வடியும்" என்றார் ஒருவர். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. மாமியார் மனசு கேட்காமல் எண்ணெய்க் கட்டு போடுகிறவரிடம் கூட்டிப் போனார். அவர் நீவி, உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். மரத்த காலுக்கு ஒத்தடம் என்பது எவ்வளவு ஆபத்து தெரியுமா? வெந்தாலும் நமக்குத் தெரியாது. மாமியார் முதலில் தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்ததால் தோல் தப்பியது.

இந்த நாட்களில் என்னை அதிகம் வாட்டியது பணம் இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நோயைச் சொல்லும்போது, எல்லாருமே உறுதியாகச் சொன்னார்கள் பாருங்கள், அதுதான். வீட்டுக்காரருக்கு போனில் என்னவென்று சொல்வது? "வீக்கம்தான், வலி இல்லை" என்றால், "வலி இல்லன்னா சரியாயிரும்" என்பார். ராத்திரி படுத்துக்கொண்டு, காலை எடுத்துவிடுவார்களோ என்று தனியாக யோசித்துக்கொண்டிருப்பேன். சர்க்கரைக்காரர்கள் வீட்டில் அந்தப் பயம் இல்லாத வீடு உண்டா?

எனக்கு வழி காட்டியவர் கடைக்கு அரிசி வாங்க வந்த ஒரு பெரியவர். தொழுநோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார்டை நீட்டினவர் என் காலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு காலையும் நீட்டு தாயி" என்றார். கடை வாசலில் குத்த வைத்து உட்கார்ந்து, புறங்கையை முதலில் வலது புறங்காலில் வைத்தார், அப்புறம் அதே இடத்தில் இடது காலில் வைத்தார். திரும்ப வலது, திரும்ப இடது. உள்ளங்கையால் தொடவில்லை, புறங்கைக்குத்தான் சூட்டு வித்தியாசம் நன்றாகத் தெரியுமாம். "இது சீழ் இல்ல தாயி. புண்ணு இல்ல, காய்ச்சல் இல்ல, கால் மட்டும் கொதிக்கி. உள்ள எலும்பு நொறுங்குது. நாளைக்குக் கடையத் தொறக்காத" என்றார். "மாசக் கடைசி, எப்படிப் பூட்டுவேன் அண்ணாச்சி?" என்றேன். "நீ நடக்க நடக்க அது நொறுங்கும். அப்புறம் நிரந்தரமாப் பூட்டணும்" என்றார். பாளையங்கோட்டையில் சர்க்கரைக் கால்களுக்கென்று பார்க்கிற ஒரு கிளினிக்கை அவர்தான் சொன்னார். அங்கே தெர்மல் கேமரா இருக்கிறது என்று சொன்னதும் எனக்குக் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்து, கொஞ்ச நாள் தள்ளிப் போட்டேன். கடைசியில் மாமியார்தான் கார் பிடித்து ஏற்றிவிட்டார்.

அந்தக் கிளினிக்கில் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சரியான பரிசோதனை எப்படி இருக்கும் என்பது தெரிந்தால்தான் சரியில்லாததை அடையாளம் காண முடியும். உள்ளே போனதும் செருப்பைக் கழற்றி, புடவையை முழங்காலுக்குத் தூக்கிக் கட்டி, ஏ.சி. அறையில் காலை நீட்டிப் பதினைந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னார்கள். கால் தரையில் படக்கூடாது, ஒன்றின் மேல் ஒன்று போடக்கூடாது, கையால் தேய்க்கக்கூடாது. வெயிலின் சூடும் நடந்த சூடும் இறங்கி, கால் அறையின் குளிருக்குப் பழக வேண்டுமாம். அதற்குள் டாக்டர் மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் வைத்து அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். இழை வளைகிற அளவு அழுத்தினால் அது 10 கிராம் எடைக்குச் சமம். கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் எப்போது ஆரம்பிப்பார் என்று நான் காத்துக்கொண்டிருக்க, அவர் இடது காலை முடித்தே விட்டிருந்தார். அந்த நிமிஷத்தில்தான் அழுகை வந்தது. பிறகு புறங்காலிலும் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி பார்த்தார். நாடி துள்ளியது. ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார்.

அதற்கப்புறம் கேமரா. அது எந்தக் கதிரையும் நம் மேல் பாய்ச்சுவதில்லை, எக்ஸ்ரே மாதிரி இல்லை. நம் தோலிலிருந்து தானாக வெளியே வருகிற வெப்பக் கதிரை வாங்கி, எந்த இடம் எத்தனை டிகிரி என்று காட்டுகிறது, அவ்வளவுதான். திரையில் வலது பாதம் பச்சையும் நீலமுமாக இருந்தது. இடது பாதத்தின் நடுவில் மட்டும் மஞ்சள், அதற்குள் வெள்ளை. டாக்டர் வண்ணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் புள்ளி வைத்து எண்ணைக் காட்டினார். வலது 30.1, இடது 34.6. நாலரை டிகிரி வித்தியாசம். நான் முகாம் தாளை நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு, அந்த வண்ணங்களை மெஷின் தானே பிரித்துக்கொள்ளும் என்றார். படத்தில் இருக்கிற குறைந்த சூட்டுக்கு நீலம், அதிகச் சூட்டுக்குச் சிவப்பு அல்லது வெள்ளை. அளவை மாற்றினால் அதே கால் சிவப்பாகவும் தெரியும், நீலமாகவும் தெரியும். எண் இல்லாத வண்ணப் படத்துக்கு மதிப்பே கிடையாது. யாராவது உங்களுக்குத் தெர்மல் படம் எடுத்தால், "ரெண்டு காலுக்கும் ஒரே இடத்துல எத்தனை டிகிரி வித்தியாசம்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம், ஏழாயிரம் ஆயிற்று. எலும்புக்குள்ளே நீர் கோத்து, சின்னச் சின்ன விரிசல்கள் இருந்தன. நோயின் பெயர் சார்கோ பாதம். 1868-இல் சார்கோ என்ற பிரெஞ்சு டாக்டர் வேறொரு நரம்பு நோய்க்காரர்களிடம் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். சர்க்கரைக்காரர்களுக்கும் வரும் என்பது 1936-இல் தெரியவந்திருக்கிறது. நரம்பு செத்த காலில் சின்ன அடி பட்டாலும் தெரியாது. தெரியாமல் நடக்கிறோம். அடிபட்ட இடத்துக்கு ரத்தம் பாய்ந்து, சூடாகி, எலும்பு இளகுகிறது. இளகின எலும்பின் மேல் திரும்ப நடக்கிறோம். ஆரம்பத்தில் எடுக்கிற எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். எனக்கு நல்லா இருக்கு என்று வந்த எக்ஸ்ரே பொய்யில்லை, சீக்கிரம் எடுத்தது. அதை வைத்து நடங்க என்று சொன்னதுதான் தப்பு. கிளினிக்கில் புதிதாக எடுத்த எக்ஸ்ரேயில் நடுப்பாத எலும்புகள் நகர்ந்து வளைவு இறங்க ஆரம்பித்திருந்தது. நடுவில் நான் நின்ற நாட்களின் கணக்கு அது.

தொற்றா, சார்கோவா என்று வீட்டில் உறுதி சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் ஒன்று சொன்னார். சிவந்த காலைச் சில நிமிஷம் உயரத் தூக்கி வைத்தால் சார்கோவில் சிவப்பு பெரும்பாலும் குறையும், கிருமித் தொற்றில் அப்படிக் குறையாது. புண் எதுவும் இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், ரத்தத்தில் வெள்ளை அணு கூடாமல், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் முதலில் சார்கோ என்று நினைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்க வேண்டுமாம். நீங்கள் போகிற டாக்டருக்கு இது தோன்றவில்லையென்றால் நீங்களே கேட்கலாம், "இது சார்கோவா இருக்குமா சார்?" என்று. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

எனக்குச் செய்த வைத்தியம் ஒன்றுதான், டி.சி.சி. (டோட்டல் கான்டாக்ட் காஸ்ட்) என்று சொல்கிற மாவுக்கட்டு. சாதாரண எலும்பு முறிவுக் கட்டு மாதிரி பஞ்சை அடைத்துப் போடுவதில்லை. பாதத்தோடும் கெண்டைக்காலோடும் ஒட்டி, உடம்பின் பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் கால் முழுக்கப் பரவுகிற மாதிரி போடுவது. இதில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு நம் நாட்டில் பயன்படுத்திய கட்டு இது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் அமெரிக்காவுக்கு எடுத்துப் போய், அங்கிருந்து சர்க்கரைக் கால்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மரத்த காலில் சூடான இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அங்கே தெர்மல் படம் எடுத்தவர்களிலும் அவர் ஒருவர். கடை வாசலில் புறங்கை வைத்துப் பார்த்த அண்ணாச்சிக்கு அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது அல்லவா?

கட்டோடு இருந்த மாதங்களைப் பற்றி யாரும் முன்னால் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். முதல் கட்டு சில நாளிலேயே தளர்ந்துவிடும், ஏனென்றால் வீக்கம் வடியும். தளர்ந்த கட்டு உள்ளே உரசிப் புண்ணாக்கும், நமக்குத் தெரியாது. ஆகவே முதல் மாற்றத்தைத் தள்ளிப் போடவே கூடாது. அப்புறம் வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் மூவாயிரத்து ஐந்நூறு, ஊரிலிருந்து காருக்கு ஆயிரத்துக்கு மேல். பஸ் படியில் ஏறுவது நடக்காத காரியம். படுக்கையில் சேராமல் போட்ட கட்டு என்பதால் என் காப்பீட்டில் ஒரு பைசா வரவில்லை. உங்கள் பாலிசியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைத்தேன். கடையில் சம்பளமில்லா விடுப்பு. வீட்டில் தரையோடு இருக்கிற கக்கூஸ்தான், உட்கார முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுத் தந்தான் பக்கத்துத் தெரு ஆசாரி. கட்டுப் போட்ட கால் உயரமாகிவிடுவதால் நல்ல காலுக்கு அதே உயரத்தில் செருப்பு வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டதில் இடுப்பு வலி தனியாக வந்து சேர்ந்தது. கட்டு இருக்கிறது என்பதற்காக நடக்கலாம் என்று அர்த்தமில்லை. கக்கூஸ், சாப்பாடு, படுக்கை, அவ்வளவுதான் நடை.

எப்போது கட்டைக் கழற்றுவது என்பதையும் சூடுதான் சொல்லியது. ஒவ்வொரு முறையும் கட்டை வெட்டி எடுத்து, காலை ஆறவிட்டு, அதே இடங்களில் எண் எடுப்பார்கள். நாலரையில் ஆரம்பித்தது மூன்றரைக்கு வந்தது, ஒருமுறை திரும்ப ஏறியது. அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருந்தேன், டாக்டர் எண்ணைப் பார்த்தே கேட்டுவிட்டார். வித்தியாசம் இரண்டுக்குக் கீழே வந்து, அப்படியே நின்று, எக்ஸ்ரேயிலும் எலும்பு கூடின பிறகுதான் விட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இது பொதுவாகவே மாதக்கணக்கில் இழுக்கிற வைத்தியம்தான்.

இனி வீட்டில் செய்யக்கூடியது. தெர்மல் கேமரா வாங்க வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போனில் மாட்டுகிற சின்னக் கேமராவே பல ஆயிரங்கள் ஆகிறது. நான் வாங்கவில்லை. கொரோனா சமயத்தில் நெற்றியில் காட்டின துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் போதும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பு என்கிற அமைப்பில் வைத்தால் பாதத்துக்கு எண்ணே காட்டாது, ரொம்பக் குறைவு என்று மட்டும் எழுத்து வரும். காய்ச்சலுக்கென்று இருப்பதால் பொதுவாக 32 டிகிரிக்குக் கீழே அது படிப்பதில்லை, பாதமோ பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். பொத்தானை அழுத்திப் பொருளின் மேற்பரப்பு என்கிற அமைப்புக்கு மாற்ற வேண்டும். ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கிற லேசர் துப்பாக்கியும் சரிதான், லேசரைக் கண்ணில் அடிக்காமல், ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்தில், கிட்டத்தில் பிடிக்க வேண்டும். இந்தக் கருவிகள் ஒரு டிகிரி இரண்டு டிகிரி தப்பாகக் காட்டலாம். பரவாயில்லை, இரண்டு காலுக்கும் ஒரே தப்பைச் செய்தால் வித்தியாசம் சரியாகத்தான் வரும். வாங்கும்போது கடையிலேயே ஒரே இடத்தில் மூன்று தடவை வைத்துப் பாருங்கள். மூன்றும் மூன்று எண் காட்டினால் வேண்டாம்.

நான் காலையில் எழுந்ததும், நடமாடுவதற்கு முன்னால், கட்டிலிலேயே உட்கார்ந்து போர்வையை விலக்கி, கொஞ்ச நேரம் காலை ஆறவிட்டு எடுக்கிறேன். ஃபேன் ஒரு காலில் மட்டும் படக்கூடாது. ஜன்னல் வெயில் ஒரு காலில் விழக்கூடாது. ஈரக்கால் கூடாது. ஒரு கால் போர்வைக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாகத் தூங்கினால் அன்றைக்குக் கணக்கு தப்பும், இன்னும் கொஞ்சம் பொறுத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு பாதத்திலும் ஆறு இடம்: பெருவிரல், அதற்குக் கீழே பாதத்தின் பந்து போன்ற மேடு, நடுவிரலுக்குக் கீழே, சுண்டுவிரலுக்குக் கீழே, நடுப்பாதம், குதிகால். ரேஷன் கடைப் பழக்கத்தில் நோட்டில் கோடு போட்டு எழுதிவிடுவேன். ஒரே இடத்தில் இரண்டு காலுக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் வந்து, அடுத்த நாளும் அப்படியே இருந்தால் நடையைக் குறைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். இது நானாகச் சொல்கிற கணக்கு இல்லை, நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுதலில் ஆபத்து கூடின கால்களுக்குச் சொல்லியிருப்பது. அமெரிக்காவில் ஏற்கெனவே புண் வந்து ஆறின 173 பேரை 15 மாதம் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தினமும் சூடு பார்த்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்குத்தான் திரும்பப் புண் வந்தது. சூடு பார்க்காதவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு வந்தது.

எனக்கே ஒருமுறை கைகொடுத்தது. கட்டைக் கழற்றின பிறகு பாரமெல்லாம் வலது காலில் இறங்கியிருக்கிறது. ஒருநாள் வலது பெருவிரல் மேடு மட்டும் இடதைவிட 2.6 கூடுதல். மறுநாளும் குறையவில்லை. பார்த்தால் தோல் நன்றாகத்தான் இருக்கிறது, லேசான காய்ப்பு மட்டும். கிளினிக்கில் அந்தக் காய்ப்பைச் செதுக்கினபோது உள்ளே ரத்தம் கன்றிக் கறுத்திருந்தது. இன்னும் சில நாள் நடந்திருந்தால் புண்ணாக வெடித்திருக்கும் என்றார்கள். செருப்பின் உள்பக்கம் அந்த இடத்தில் தேய்ந்து அமுங்கிக் கிடந்தது. செதுக்கினதற்கு முந்நூறு ரூபாய், செருப்பு மாற்றினதற்கு இரண்டாயிரத்துக்குள். முதல் காலுக்கு ஆனதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். செருப்பு என்று சொல்வது எம்.சி.ஆர். செருப்பு, தொழுநோயாளிகளுக்குக் கொடுப்பார்களே அதே மிருதுவான ரப்பர். என் இடது காலில் வளைவு இறங்கிவிட்டதால் பாத அளவு எடுத்து உள்ளே தனியாக வார்த்துத் தருகிறார்கள். கோயிலுக்குள் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால், கல் சுடாத நேரமாகப் பார்த்து விடியற்காலையில் போகிறேன். உச்சி வெயிலில் பிரகாரம் சுற்றிப் பாதம் வெந்துபோய் வந்தவர்களை அந்தக் கிளினிக்கில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சூடு பார்ப்பதற்கும் எல்லை உண்டு. இரண்டு காலிலும் ஒரே சமயத்தில் கோளாறு இருந்தால் வித்தியாசம் தெரியாது, அப்போது எண்ணை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. ரத்த ஓட்டம் குறைந்த காலில் உள்ளே தொற்று இருந்தாலும் போதுமான சூடு ஏறாமல் போகலாம். நான் போன அன்றைக்கு முக்கூடல் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். நாற்பது வருஷப் பீடி. திரையில் அவருடைய வலது கால் விரல்கள் கருநீலமாக இருந்தன. அவருக்குச் சூடு கூடினது பிரச்சினை இல்லை, குறைந்ததுதான். கை ரத்த அழுத்தத்தையும் கால் ரத்த அழுத்தத்தையும் அளந்து பார்த்து ரத்தக்குழாய் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஆகவே ஒரு கால் மட்டும் ஜில்லென்று இருந்தாலும் காட்ட வேண்டியதுதான். காலில் எந்தக் கோளாறும் தெரியாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை அந்த நைலான் இழைப் பரிசோதனையும் நாடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லாத டாக்டராக இருந்தால் நீங்களே கழற்றிவிட்டு உள்ளே போங்கள். புண்ணோ, கறுப்போ, நாற்றமோ, காய்ச்சலோ இருந்தால் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ராத்திரியாக இருந்தாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி திறந்துதான் இருக்கும்.